யார்டு ஸ்கிரிப்டுக்குத் தப்பான கண்டெய்னர் நம்பர் போகாம முதல்லயே தடுக்கணும், டேப் தட்டினா நம்பர் தானா வரணும்: பவர்ஷெல்லில் எப்படி?

மணலி_கேட் கேட்டது:

வணக்கம். மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ். (கண்டெய்னர் சரக்கு நிலையம்) யார்டு. கேட்டில் ரெண்டு விண்டோஸ் மெஷின் இருக்கு. ஒண்ணுல பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளை, ஸ்கிரிப்ட் ஓட்டுற மொழி) 5.1, இன்னொண்ணுல 7. ரெண்டிலும் ஒரே ஸ்கிரிப்ட்தான் ஓடுது. -பாக்ஸ், -போர்ட், -சைஸ், -வெயிட், -டேட் என்று அஞ்சு விவரம் (பாராமீட்டர்) வாங்கி, கேட் பாஸ் அடிச்சு, சிஎஸ்வி ஃபைலில் (கமா போட்டுப் பிரிச்ச பட்டியல்) ஒரு வரி சேர்க்கும். பாராம் பிளாக்கில் (ஸ்கிரிப்ட் வாங்கற விவரங்களை அறிவிக்கிற பகுதி) இப்போதைக்கு அஞ்சு வேரியபிள் பேர் மட்டும் இருக்கு. வகை எதுவும் போடல.

வர்ற தப்பெல்லாம் இதுதான். கண்டெய்னர் நம்பரில் ரெண்டு இலக்கம் இடம் மாறிடுது. போர்ட்டுக்கு ஒரு ஷிஃப்ட் "எண்ணூர்"னு போடும், அடுத்த ஷிஃப்ட் அதே துறைமுகத்துக்கு "காமராஜர்"னு போடும், மூணாவது கஸ்டம்ஸ் கோடைப் போடும். வெயிட்டில் கிலோவுக்குப் பதிலா டன் விழுது. ஜூன் 5 என்று அடிச்ச தேதி மே 6 ஆகப் பதிவாகுது. எல்லாத்துக்கும் மேல, -போர்ட் என்பதை அவசரத்தில் -போட்னு அடிச்சா எர்ரரே வரல. போர்ட் காலியா பாஸ் அச்சாகி வெளியே வந்துடுது.

எனக்கு வேண்டியது ரெண்டு. ஸ்கிரிப்டின் முதல் வரி ஓடுறதுக்கு முன்னாடியே தப்பு நிக்கணும். -பாக்ஸ் போட்டு நாலு எழுத்து அடிச்சு டேப் தட்டினா, யார்டு ஸ்டாக் ஃபைலில் (சுமார் 3,000 வரி, ஷேர் டிரைவில் இருக்கு) இருக்கிற நம்பர் வரணும். 5.1-லயும் ஓடுற வழியா சொல்லுங்க.

பாரிமுனை_பைப்லைன் பதில்:

கடைசியில் சொன்னதை முதலில் பார்ப்போம், ஆபத்து அதில்தான் அதிகம். பாராம் பிளாக்குக்கு மேலே சிஎம்டிலெட்பைண்டிங் என்ற வரி இல்லாத ஸ்கிரிப்டுக்கு, தெரியாத பாராமீட்டர் பேர் வந்தாலும் மிச்சமான ஆர்க்யுமென்ட் வந்தாலும் எல்லாம் சத்தமில்லாமல் ஆர்க்ஸ் என்ற வேரியபிளுக்குள் போய் விழும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டால் "-போட்" என்று பாராமீட்டர் இல்லை என்று உடனே நிற்கும். மற்ற விவரங்களைப் பேரோடு கொடுத்திருந்தால், நம்பரை மேற்கோள் இல்லாமல் இடைவெளி விட்டு மூணு துண்டாக அடித்தாலும் அதேபோல நிற்கும். வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றாலும் இன்றைக்கே இதை மட்டும் செய்துவிடுங்க.

அடுத்தது மேண்டேட்டரி, அதாவது கட்டாயம் என்ற குறிப்பு. போர்ட், பாக்ஸ் ரெண்டுக்கும் போடுங்க. விட்டுப்போனால் பவர்ஷெல் தானே கேட்டு வாங்கும். ஒன்று கவனம்: டாஸ்க் ஷெட்யூலரில் இருந்து ஓடும் வேலைக்கு ஆள் இல்லாத இடத்தில் கேள்வி கேட்டபடி அது தொங்கிக்கொண்டே இருக்கும். அங்கே கூப்பிடும்போது -நான்இன்டராக்டிவ் சேருங்க; கேட்காமல் எர்ரரோடு முடிந்துவிடும்.

போர்ட்டுக்கு வேலிடேட்செட், அதாவது அனுமதித்த மதிப்புகளின் பட்டியல். ஐஎன்எம்ஏஏ1 சென்னை, ஐஎன்இஎன்ஆர்1 எண்ணூர், ஐஎன்கேஏடி1 காட்டுப்பள்ளி: மூணே மதிப்பு. இதைப் போட்டதுமே டேப் வசதியும் கூடவே கிடைக்கும், தனியாக எதுவும் எழுத வேண்டாம். ஆனால் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும். ஏற்றதைத் திருத்தித் தராது. சின்ன எழுத்தில் அடித்தால் சின்ன எழுத்திலேயே சிஎஸ்வியில் போய் உட்காரும். எழுதும் முன் டுஅப்பர்இன்வேரியன்ட் போட்டுப் பெரிய எழுத்தாக்கிக்கொள்ளுங்க.

வெயிட்டுக்கு இன்ட் (முழு எண்) வகையும், கிலோவில் கீழ் எல்லை, மேல் எல்லையாக வேலிடேட்ரேஞ்ச் 2000, 36000-மும். இந்த எல்லை எந்தப் பெட்டியின் உண்மையான எடை வரம்பையும் சொல்லாது. அது பெட்டியின் கதவில் இருக்கும் சி.எஸ்.சி. (பாதுகாப்பு ஒப்புதல்) தகட்டில் இருக்கிறது. இங்கே எல்லையின் வேலை 24 என்று டன்னில் வந்ததையும், ஒரு சைபர் கூடிப்போய் 2,40,000 ஆனதையும் பிடிப்பது மட்டும்தான். மேற்கோள் இல்லாமல் 24,500 என்று கமா வைத்து அடித்தால் பவர்ஷெல் அதை 24, 500 என்று ரெண்டு உறுப்பு உள்ள வரிசையாக எடுத்துக்கொண்டு, இன்ட்டாக மாற்ற முடியவில்லை என்று நிற்கும். எர்ரர் செய்தி குழப்பமாக இருக்கும், காரணம் அந்தக் கமாதான் என்று கேட்டில் எழுதி ஒட்டிவிடுங்க.

இப்போ டேப். பாக்ஸுக்கு ஆர்க்யுமென்ட்கம்ப்ளீட்டர் (டேப் தட்டினால் என்ன பரிந்துரைப்பது என்று சொல்லும் பகுதி) போட வேண்டும், 5.1-லும் வேலை செய்யும். அதற்குள் எழுதும் பிளாக்குக்கு அஞ்சு மதிப்பு வரிசையாக வரும்: கட்டளையின் பேர், பாராமீட்டரின் பேர், இதுவரை அடித்த எழுத்துகள், கட்டளை வரியின் அமைப்பு, ஏற்கெனவே கொடுத்த மற்ற பாராமீட்டர்கள். நமக்கு மூணாவதும் அஞ்சாவதும் போதும். ஸ்டாக் வரிகளில் மூணாவது மதிப்பில் தொடங்குபவற்றை மட்டும் வெளியே விடுங்க. அஞ்சாவது ஹாஷ்டேபிள், அதாவது பேரும் மதிப்புமான ஜோடிகளின் தொகுப்பு. அதில் போர்ட் இருந்தால் அந்தப் போர்ட் பெட்டிகளை மட்டும் காட்டலாம்; அப்படியென்றால் கேட்டில் -போர்ட்டை முதலில் அடிக்கப் பழக்குங்க, பட்டியல் சின்னதாகிவிடும்.

இதில் வழுக்கும் இடங்கள் நாலு. ஒன்று, கம்ப்ளீட்டருக்குள் வரும் எர்ரர் திரையில் தெரியாது. எதையும் வெளியே விடாமல் முடிந்தால், பவர்ஷெல் அந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைல் பேர்களை எடுத்துக் காட்டும். டேப் தட்டினதும் கண்டெய்னர் நம்பருக்குப் பதில் ஃபைல் பேர் வந்தால், உங்கள் பிளாக் உடைந்திருக்கிறது அல்லது பொருந்தும் வரி இல்லை என்று அர்த்தம். ரெண்டு, ஷேர் டிரைவ். டேப் தட்டும் ஒவ்வொரு முறையும் பிளாக் முழுக்க ஓடும். நெட்வொர்க் மந்தமானால் ப்ராம்ப்ட் உறைந்து நிற்கும். யாராவது அந்த சிஎஸ்வியை எக்செலில் திறந்து வைத்திருந்தால் படிக்க முடியாமல் போகலாம், அப்போதும் ஃபைல் பேர்தான் வரும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம்பர், போர்ட் ரெண்டு பத்தியை மட்டும் உள்ளூர் டிஸ்கில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக நகலெடுத்து வையுங்க, அதைப் படிக்கட்டும். 3,000 வரியை இம்போர்ட்-சிஎஸ்வி இல்லாமல் வரிவரியாகப் படித்தால் கண் இமைக்கும் நேரத்தில் முடியும்.

மூணாவது, எழுத்து பொருந்துகிறதா என்று பார்க்க -லைக்கை விட ஸ்டார்ட்ஸ்வித் மேல். அடித்ததில் சதுர அடைப்பு இருந்தால் -லைக் அதை வைல்ட்கார்டாக எடுக்கும். நாலாவதுதான் எல்லாரும் சிக்குவது: கம்ப்ளீட்டரோ வேலிடேட்ஸ்கிரிப்டோ (வந்த மதிப்பைச் சரிபார்க்க நீங்களே எழுதும் பிளாக்) ஓடும் நேரத்தில் உங்கள் ஸ்கிரிப்டின் உடல் இன்னும் ஓடியிருக்காது. அதே ஃபைலில் கீழே எழுதின ஃபங்ஷனை அவை கூப்பிட்டால் "அப்படி ஒன்று இல்லை" என்றுதான் வரும். அதனால் மொத்தத்தையும் ஒரு மாடுலாக்கி (பவர்ஷெல் தானே ஏற்றிக்கொள்ளும் ஃபங்ஷன் தொகுப்பு), சரிபார்க்கும் ஃபங்ஷனையும் வெளியே தெரியும்படி எக்ஸ்போர்ட் செய்யுங்க. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் விண்டோஸ்பவர்ஷெல், அதற்குள் மாடுல்ஸ் என்ற ஃபோல்டரை 5.1, 7 ரெண்டுமே தேடும். ஒரே இடத்தில் வைத்தால் போதும்.

டேப் ஒவ்வொன்றாகச் சுற்றுவது பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்திப் பாருங்க, மெனுவாக விரியும். டேப்பிலேயே அது வேண்டுமானால் புரொஃபைலில் செட்-பிஎஸ்ரீட்லைன்கீஹேண்ட்லர் போட்டு டேப்பை மெனுகம்ப்ளீட்டுக்கு மாற்றலாம்.

திருவொற்றியூர்_செக்டிஜிட் பதில்:

பைப்லைன் சொன்னதில் பாக்ஸ் நம்பரின் உள்ளடக்கம் விடுபட்டிருக்கிறது. அதை எழுதுகிறேன். உங்கள் யார்டின் பெரிய நஷ்டம் அங்கேதான் இருக்கும்.

ஐஎஸ்ஓ 6346 படி ஒரு கண்டெய்னர் நம்பருக்கு 11 இடங்கள். முதல் மூன்று எழுத்து உரிமையாளர் குறி, நான்காவது யு, ஜே, இஸட் மூன்றில் ஒன்று, பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசியாகக் கட்டத்துக்குள் எழுதியிருக்கும் செக் டிஜிட் (முன்னால் உள்ள பத்தையும் சரிபார்க்கும் இலக்கம்). வேலிடேட்பேட்டர்ன் (எழுத்து வடிவத்தைச் சரிபார்ப்பது) வைத்து "நான்கு எழுத்து, ஏழு இலக்கம்" என்று மட்டும் பார்த்தால் இடம் மாறிய இலக்கம் அப்படியே உள்ளே போய்விடும். செக் டிஜிட்டைக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

கணக்கு எளிது. இலக்கத்துக்கு அதன் மதிப்பே. எழுத்துகளுக்கு ஏ 10 என்று தொடங்கி ஏறும். ஆனால் 11, 22, 33 ஆகிய மூன்றையும் தாண்டிப் போகும். அதனால் ஏ-க்கு அடுத்த எழுத்து 12, கே 21, எல் 23, யு 32, வி 34, இஸட் 38. இடமிருந்து முதல் பத்து இடங்களின் மதிப்புகளை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எடைகளால் பெருக்குங்கள். பத்தாவதின் எடை 512. கூட்டி 11-ஆல் வகுத்த மீதிதான் செக் டிஜிட். மீதி 10 வந்தால் 0.

சிஎஸ்க்யூயு 305438 3 என்ற நம்பரைப் போட்டுப் பாருங்கள். 13, 60, 112, 256, 48, 0, 320, 512, 768, 4096. கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3, சரி. இதில் 5-உம் 4-உம் இடம் மாறி 304538 ஆனால் கூட்டுத்தொகை 6249, மீதி 1. பிடிபட்டது. வரிசை எண்ணின் ஆறு இலக்கங்களைப் பொறுத்தவரை ஒரு இலக்கம் தவறினாலும், அவற்றில் வெவ்வேறான எந்த இரண்டு இடம் மாறினாலும் மீதி கட்டாயம் மாறும். எடைகள் பத்தும் 11-க்கு வெவ்வேறு மீதி தருபவை. அங்கே ஓட்டை ஒன்றே ஒன்று: மீதி 10-உம் மீதி 0-உம் ஒரே செக் டிஜிட்டாகிவிடுகின்றன. மீதி 10 தரும் வரிசை எண்களைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான்.

எழுத்துகளில் நிலைமை இப்படி இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஜி 17, க்யூ 28. வித்தியாசம் சரியாக 11. மேலே உள்ள நம்பரில் க்யூவை ஜி என்று அடித்தால் கூட்டுத்தொகை 6141, மீதி மறுபடி 3. செக் டிஜிட் "சரி" என்றே சொல்லும். உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்த பெட்டியில் க்யூவின் வால் தெரியாமல் போவது நடக்கக்கூடியதே. எம் 24, டபிள்யூ 35, அதே கதை. ஏ, கே, யு மூன்றும் ஒரே மீதி. ஆக, எண் பகுதிக்குச் செக் டிஜிட் காவல். எழுத்துப் பகுதிக்குப் பட்டியல்தான் காவல். டேப்பில் வரும் பட்டியல் வெறும் வசதிக்கு மட்டும் அல்ல, இந்த ஓட்டையை அடைப்பதும் அதுவே.

பவர்ஷெல்லில் எழுதும்போது இரண்டு இடம் சறுக்கும். '3' என்ற கேரக்டரை நேரடியாக இன்ட்டாக மாற்றினால் 3 வராது, 51 வரும். அதற்கு ஒரு வழி: 0 முதல் 9, ஏ, ஒரு கேள்விக்குறி, அடுத்த எழுத்து முதல் கே வரை, ஒரு கேள்விக்குறி, எல் முதல் யு வரை, ஒரு கேள்விக்குறி, வி முதல் இஸட் வரை என்று 39 குறி கொண்ட ஒரே சரத்தை வைத்துக்கொண்டு இண்டெக்ஸ்ஆஃப் கேளுங்கள். குறி இருக்கும் இடமே அதன் மதிப்பு. எடைக்கு 1-ஐ -எஸ்எச்எல் ஆல் இடது தள்ளினால் முழு எண்ணாகவே கிடைக்கும்.

இரண்டாவது, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (பேட்டர்ன் எழுதும் முறை) பின்சாய்வுக்கோடு போட்டு எழுதும் டி. பவர்ஷெல்லுக்கு அடித்தளமான டாட்நெட்டில் அது உலகத்து எல்லா எழுத்து முறைகளின் இலக்கங்களையும் ஏற்கும். ௧, ௨, ௩-உம் அதற்கு இலக்கமே. தமிழ் விசைப்பலகை மாறியிருக்கும்போது அடித்தது பேட்டர்னைக் கடந்து கணக்கில் போய் உடையும். [0-9] என்றே எழுதுங்கள். முன்னால் ^, முடிவில் டாலர் குறி வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது பொருந்தினாலும் சரி என்றுவிடும்.

இன்னொரு எச்சரிக்கை, -சைஸ் பற்றி. 20, 40, 45 என்று வேலிடேட்செட் வைக்கத் தோன்றும். பெட்டியில் 45ஜி1 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 45 என்று அடித்துவிடுவார்கள். 45ஜி1 என்பது 40 அடி ஹை கியூப். முதல் குறி 4 நீளம் 40 அடி என்கிறது, இரண்டாவது குறி 5 உயரம் ஒன்பதரை அடி என்கிறது. உண்மையான 45 அடிப் பெட்டி எல்5ஜி1. அடியைக் கேட்காதீர்கள், பெட்டியில் உள்ள குறியையே கேளுங்கள்: 22ஜி1, 42ஜி1, 45ஜி1, எல்5ஜி1, ரீஃபருக்கு (குளிரூட்டும் பெட்டி) 22ஆர்1, 45ஆர்1. அடியை ஸ்கிரிப்ட் தானே எடுத்துக்கொள்ளட்டும்.

மணலி_கேட்:

அண்ணா, 45ஜி1 விஷயம் எங்க ரெஜிஸ்டரில் அப்படியே இருக்கு, பார்த்துட்டேன். ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். ஓனர் கோடுக்கும் (அந்த உரிமையாளர் குறி) வேலிடேட்செட்டே போட்டுடலாமா? அப்புறம், கேட் கிளார்க்குக்கு எர்ரர் தமிழில் வந்தா நல்லா இருக்கும். பாராமீட்டர் பேரையே தமிழில் வைக்க முடியுமா?

பாரிமுனை_பைப்லைன்:

ஓனர் கோடுக்கு வேலிடேட்செட் போடுங்க என்பேன். தெரியாத கோடு வந்தால் நிற்பதுதானே நமக்கு வேண்டியது.

திருவொற்றியூர்_செக்டிஜிட்:

இதில் உடன்பட மாட்டேன். லீஸ் கம்பெனிப் பெட்டியோ, சரக்குக்காரரே சொந்தமாக வாங்கிய பெட்டியோ புதுக் குறியோடு ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். பெட்டி நிஜம், நம்பர் சரி, பட்டியல்தான் பழசு. அப்போது டிரெய்லர் வரிசை மணலி விரைவுச் சாலை வரை நிற்கும். செக் டிஜிட் தவறு என்றால் விலக்கே கிடையாது, நிறுத்துங்கள். குறி பட்டியலில் இல்லை என்றால், -புதுஓனர் என்று ஒரு ஸ்விட்ச் கொடுத்தால் மட்டும் விடுங்கள், யார் விட்டார் என்று பதிவும் செய்யுங்கள். க்யூ–ஜி தவறு செய்தவர் அந்த ஸ்விட்ச்சை அடிக்கும் முன் பெட்டியை இன்னொரு முறை போய்ப் பார்ப்பார்.

பாரிமுனை_பைப்லைன்:

ஏற்கிறேன், இது சரியான பிரிவு. செய்யும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்: வேலிடேட்ஸ்கிரிப்டுக்கு வேறு பாராமீட்டரில் என்ன வந்தது என்று நம்பிப் பார்க்க முடியாது. அதனால் செக் டிஜிட் பாராம் பிளாக்கில், ஓனர்–ஸ்விட்ச் சோதனை உடலின் முதல் வரியில், கேட் பாஸ் அடிக்கும் முன்.

காசிமேடு_கன்சோல் பதில்:

தேதி, தமிழ் ரெண்டையும் நான் எடுத்துக்கிறேன்.

தேதி மாறுவதுக்குக் காரணம் மெஷினின் ரீஜியன் செட்டிங் கிடையாது. அதை இந்தியாவுக்கு மாத்தினாலும் சரியாகாது. பவர்ஷெல்லில் ஸ்ட்ரிங்கை டேட்டைம் ஆக்கும்போது ஊர்வழக்கம் பார்க்காது, மாதம்தான் முதலில்னு எடுத்துக்கும். அதனால் 05/06/2025 மே 6 ஆகும், 25/06/2025 எர்ரர் ஆகும். மாசத்தின் முதல் 12 நாள் தப்பு கண்ணுக்கே தெரியாது, 13-ஆம் தேதிதான் வெடிக்கும். பாராமீட்டரை ஸ்ட்ரிங்காகவே வாங்கி, வேலிடேட்ஸ்கிரிப்டுக்குள் பார்ஸ்எக்ஸாக்ட் (சொன்ன வடிவத்தில் இருந்தா மட்டும் தேதியா ஏத்துக்கிறது) வையுங்க. வடிவம் டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய், கல்ச்சர் இன்வேரியன்ட், அதாவது எந்த ஊர்வழக்கமும் சாராதது. நடுவில் இருக்கிற எம்எம் பெரிய எழுத்தில் இருக்கணும், சின்ன எழுத்துன்னா அது நிமிஷம். படிச்ச தேதி நாளைக்கு மேல போகக் கூடாதுன்னும் அங்கேயே பாருங்க.

இதிலேயே ஒரு பொறி இருக்கு. -டேட் கொடுக்கலைன்னா இன்னிக்கித் தேதின்னு டீஃபால்ட் வைப்பீங்க. டீஃபால்ட் மதிப்பை எந்த வேலிடேட்டும் சரிபார்க்காது. கெட்-டேட்டை அப்படியே வெச்சா, ஸ்ட்ரிங்காகும்போது மாதம் முதலில், பின்னாடி நேரமும் ஒட்டிக்கிட்டு உள்ளே வந்துடும். டுஸ்ட்ரிங்கில் அதே வடிவத்தைக் கொடுத்து வையுங்க. நேர்மாறா, ஸ்கிரிப்டின் உடலில் அந்த வேரியபிளுக்குப் புது மதிப்பு கொடுத்தா வேலிடேட் மறுபடி ஓடும். பெரிய எழுத்தாக்கிறதும் இடைவெளி எடுக்கிறதும் புது வேரியபிளில் பண்றது நிம்மதி.

தமிழ் எர்ரர்: வேலிடேட்ஸ்கிரிப்டில் பொய்னு மட்டும் திருப்பினா, 5.1 அந்த பிளாக்கின் கோடு முழுக்க எர்ரரில் கொட்டும். கிளார்க்குக்கு ஒண்ணும் புரியாது. எர்ரர்மெசேஜ் என்கிற வசதி 6-க்கு அப்புறம் வந்தது, உங்க பழைய மெஷினில் கிடையாது. அதனால் உள்ளேயே த்ரோ (எர்ரர் எழுப்புற கட்டளை) போட்டு வாக்கியத்தை நீங்களே எழுதுங்க: "செக் டிஜிட் 1 வரணும், நீங்க அடிச்சது 3. பெட்டியைப் பார்த்து மறுபடி அடிங்க." என்ன வரணும், என்ன வந்ததுன்னு ரெண்டும் இருக்கணும். ஃபைலை யுடிஎஃப்-8, பிஓஎம் (ஃபைல் தொடக்கத்தில் எழுத்துமுறையைக் காட்டுற குறி) உடன் சேமிங்க. பிஓஎம் இல்லாத ஃபைலை 5.1 பழைய ஏஎன்எஸ்ஐ-ன்னு எடுத்துக்கிட்டுத் தமிழைக் கிழிச்சுப் போடும். 7-க்கு ரெண்டும் ஒண்ணுதான். பழைய கன்சோல் ஜன்னலில் எழுத்து கட்டம் கட்டமா வரும், விண்டோஸ் டெர்மினல் போட்டுக்குங்க.

பாராமீட்டர் பேர் தமிழில் வேண்டாம். டாலர் குறிக்குப் பின்னாடி பவர்ஷெல் எழுத்து, இலக்கம், அடிக்கோடு மாதிரி சிலதைத்தான் ஏத்துக்கும். நம்ம புள்ளியும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் யூனிகோடில் எழுத்து வகையில் சேராது. "எண்" என்பது 'ண'-வுக்கு அடுத்த புள்ளியிலேயே முறிஞ்சுடும். சுருள் அடைப்புக்குள் போட்டா வேரியபிள் ஓடும், ஆனா எல்லா இடத்திலும் அடைப்பு போட்டுக்கிட்டே இருக்கணும். பேரை இங்கிலீஷில் வெச்சு, ஹெல்ப்மெசேஜைத் தமிழில் எழுதுங்க.

இன்னும் ஒண்ணு. கிளார்க் இப்போ டெஸ்க்டாப்பில் பேட் ஃபைலை டபுள்-கிளிக் பண்ணித்தானே ஓட்டுறார்? அந்த வழியில் டேப் எதுவும் வராது. ஸ்கிரிப்ட் ஓடும்போது ரீட்-ஹோஸ்டில் கேட்டு வாங்கினாலும் வராது. ஷார்ட்கட்டை -நோஎக்ஸிட் போட்டு மாடுலை ஏத்தின ப்ராம்ப்டில் திறந்து விடுங்க, கட்டளையை அவர் அங்கே அடிக்கட்டும்.

மணலி_கேட்:

புரிஞ்சுது. மாடுலாக்கிட்டு ரெண்டு மெஷினிலும் போடறேன். போடறதுக்கு முன்னாடி எதை எதை அடிச்சுப் பார்க்கணும்?

திருவொற்றியூர்_செக்டிஜிட்:

சிஎஸ்க்யூயு3054383 போக வேண்டும். அதையே சின்ன எழுத்தில் அடித்தாலும் போக வேண்டும், சிஎஸ்வியில் பெரிய எழுத்தில் இறங்க வேண்டும். சிஎஸ்க்யூயு3045383 நிற்க வேண்டும். சிஎஸ்ஜியு3054383 செக் டிஜிட்டைத் தாண்டி, ஓனர் பட்டியலில் நிற்க வேண்டும். இடைவெளியோடு மேற்கோளுக்குள் ஒருமுறை, மேற்கோள் இல்லாமல் ஒருமுறை. கடைசி இலக்கம் ௩ என்று ஒருமுறை. வெயிட் 24, தேதி 31-06-2025, -போட். -டேட் இல்லாமல் ஒருமுறை அடித்து, சிஎஸ்வியில் விழுந்த தேதியைத் திறந்து பாருங்கள். நிற்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் பிறகு சிஎஸ்வியில் புது வரி விழவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். எர்ரர் சிவப்பாக வந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டேப்பைச் சோதிக்க, டேப்எக்ஸ்பான்ஷன்2 என்ற ஃபங்ஷனுக்குக் கட்டளை வரியை மேற்கோளில் கொடுங்கள், என்னென்ன பரிந்துரை வருகிறது என்று பட்டியலாகவே தரும். இத்தனையும் 5.1-இல் ஒருமுறை, 7-இல் ஒருமுறை.